எதிர்ப்பொருளை உருவாக்கும் செல் எது? மயஸ்தீனியா கிராவிஸ் ஆய்வு பற்றி ஓர் எளிய விளக்கம்

மயஸ்தீனியா கிராவிஸ் என்பது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்கும் நோய். காலையில் எழும்போது ஓரளவு நன்றாக இருப்பவருக்குப் பொழுது ஏற ஏறக் கண்ணிமை தாழ்கிறது. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. சிலருக்குச் சாப்பாட்டின் நடுவிலேயே மெல்லும் தாடை ஓய்ந்துபோகிறது. பேசிக்கொண்டே இருந்தால் குரல் மூக்கால் வருவதுபோல் மாறிக் குழறுகிறது. சற்று ஓய்வெடுத்தால் வலு திரும்பிவிடுகிறது. வந்து வந்து போகும் இயல்பு இந்நோய்க்கு இருப்பதால், தொடக்கத்தில் பலரைக் குடும்பத்தாரே நம்புவதில்லை; சோம்பல் என்றும் மனச்சோர்வு என்றும் சொல்லிவிடுகிறார்கள். சுவாசத் தசைகளையும் அது பற்றும்போது உயிருக்கே ஆபத்து நேரும் என்பதால், இந்த அவநம்பிக்கை வருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை, சிகிச்சையையும் தாமதப்படுத்துகிறது.

உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் சொந்த உறுப்பையே தாக்கும் நோய்களைத் தன்னுடல் தாக்குநோய்கள் என்கிறோம். அவற்றுள் மிகத் தெளிவாகப் புரிந்துகொள்ளப்பட்டவற்றில் ஒன்று மயஸ்தீனியா கிராவிஸ். தாக்குவது எது, தாக்கப்படுவது எது, அதனால் என்ன நேர்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. தாக்கும் பொருளை உடலில் எந்தச் செல் உருவாக்குகிறது, அந்தச் செல் எப்படித் தோன்றியது, ஏன் ஒழியாமல் இருக்கிறது என்பது நான்காவது கேள்வி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கெவின் ஓ'கானர் என்ற நோயெதிர்ப்பியல் ஆய்வாளரின் குழு பல ஆண்டுகளாக இந்த நான்காவது கேள்வியைத்தான் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. நோயாளிக்கு எந்த மருந்து பலிக்கும் என்பது பெரும்பாலும் இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது என்பதால், அந்த ஆய்வை மையமாக வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் அந்தச் சந்திப்பைப் பார்ப்போம். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரும் நரம்பு இழை தசை இழையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 50 நானோமீட்டர் அளவிலான ஓர் இடைவெளி இருக்கிறது. மின் துடிப்பு நரம்பின் முனையை அடைந்ததும் அங்கே சிறு பைகளில் சேமிக்கப்பட்டிருக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியேறி, அந்த இடைவெளியைக் கடந்து, தசையின் பரப்பிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பி எனப்படும் புரதங்களோடு இணைகிறது. உடனே ஏற்பி திறந்து சோடியம் அயனிகளை உள்ளே விட, தசை சுருங்குகிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி நொடிப்பொழுதில் சிதைத்துவிடுகிறது. ஏற்பிகள் தசையின் மேல் சீராகப் பரவியிருப்பதில்லை. நரம்பு முனைக்கு நேர் எதிரே, ஒரு சதுர மைக்ரோமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 10,000 என்ற அளவுக்கு அவை நெருக்கமாகத் திரண்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தசை தவறாமல் சுருங்குவதற்கு இந்த அடர்த்தி தேவை. நாம் தொடர்ந்து ஒரு தசையை இயக்கும்போது நரம்பு வெளியிடும் அசிட்டைல்கோலினின் அளவு சற்றே குறைகிறது. ஏற்பிகள் போதுமான அளவு இருந்தால் அந்தக் குறைவு நமக்குத் தெரியாது. ஏற்பிகள் குறைந்துவிட்டவருக்கோ அதே சிறு குறைவு இமையைத் தாழ்த்தப் போதுமானது. உழைக்க உழைக்கத் தளர்வதும் ஓய்வில் தேறுவதும் இதனால்தான்.

இந்த விளக்கத்தை அடைய நெடுங்காலம் ஆயிற்று. 1672இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், நீண்ட நேரம் பேசினால் பேச்சே இழந்துவிடும் ஒரு பெண்ணைப் பற்றிக் குறித்துவைத்தார். 1934இல் லண்டன் கிரீனிச்சில் உள்ள செயின்ட் அல்ஃபீஜ் மருத்துவமனையில் பணியாற்றிய மேரி வாக்கர், இந்நோயின் அறிகுறிகள் க்யூராரே என்ற அம்பு நஞ்சின் விளைவுகளை ஒத்திருப்பதைக் கவனித்து, அந்த நஞ்சை முறிக்கப் பயன்பட்ட ஃபைஸோஸ்டிக்மைனைத் தம் நோயாளிக்குச் செலுத்தினார். தாழ்ந்த இமை சிறிது நேரத்தில் உயர்ந்தது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து தடுக்கிறது. அதே வழியில் செயல்படும் பிரிடோஸ்டிக்மைன் மாத்திரையை இன்றும் இந்நோயாளிகள் அன்றாடம் உட்கொள்கிறார்கள். ஆராய்ச்சிக்கூட வசதியோ பெரிய பதவியோ இல்லாத ஒரு மருத்துவர் கூர்ந்து கவனித்ததன் பயன் அது. மேரி வாக்கரின் பெயர் இன்னும் பரவலாக அறியப்பட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தாக்குவது நோயெதிர்ப்பு அமைப்பே என்ற கருத்தை 1960இல் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் சிம்ப்சன் முன்வைத்தார். இந்நோய் உள்ள தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் சிலர் பிறந்தவுடன் தளர்ந்திருந்து சில வாரங்களில் முற்றிலும் தேறிவிடுவது அவர் சுட்டிய தடயங்களில் ஒன்று. தாயின் இரத்தத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் குழந்தைக்குச் சென்று, நாள்பட மறைகிறது என்றுதானே அதற்குப் பொருள்? ஆயினும் அன்று அவரிடம் நேரடிச் சான்று இருக்கவில்லை.

சான்று கிடைக்க ஒரு பாம்பின் நஞ்சும் ஒரு மீனும் உதவின. தைவானில் வாழும் கட்டுவிரியன் இனத்திலிருந்து 1963இல் சி. சி. சாங்கும் சி. ஒய். லீயும் பிரித்தெடுத்த ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்ற நஞ்சு, அசிட்டைல்கோலின் ஏற்பியோடு மட்டும் இறுகப் பிணைந்துகொள்ளும் தன்மையுடையது. நம் வயல்வெளிகளில் காணப்படும் கட்டுவிரியன் அந்தப் பாம்புக்கு நெருங்கிய உறவு; அது கடித்தவருக்கு முதலில் இமைகள் தாழ்வதைக் கிராமப்புற மருத்துவர்கள் அறிவார்கள், அங்கும் செயலிழப்பது இதே சந்திப்புத்தான். இந்த நஞ்சில் கதிரியக்கக் குறியீடு இட்டால் தசையில் எத்தனை ஏற்பிகள் உள்ளன என்று எண்ணிவிடலாம். அப்படி எண்ணிய டக்ளஸ் ஃபாம்பரோ, டேனியல் டிராக்மன், சத்தியமூர்த்தி ஆகிய மூவரும் நோயாளிகளின் தசையில் ஏற்பிகள் பெரிதும் குறைந்திருப்பதை 1973இல் அறிவித்தார்கள். அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் ஜிம் பேட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ரமும், மின்விலாங்கு மீனிலிருந்து ஏற்பிப் புரதத்தைத் தூய்மைப்படுத்தி முயல்களுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். ஏற்பியை ஆராய உதவும் எதிர்ப்பொருள்களைப் பெறுவதே அவர்கள் நோக்கமாக இருந்தது. முயல்களோ தசை தளர்ந்து சரிந்தன; அசிட்டைல்கோலின் சிதைவைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் எழுந்தன. மனித நோய் ஆய்வுக்கூடத்தில் உருவாகிவிட்டது! மீனின் ஏற்பிக்கு எதிராக உண்டான எதிர்ப்பொருள்கள் முயலின் சொந்த ஏற்பியையும் தாக்கியிருந்தன. சில ஆண்டுகளுக்குள் நோயாளிகளின் இரத்தத்திலும் அதே எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டது. அதை எலிகளுக்குச் செலுத்தியபோது எலிகளுக்கும் நோய் வந்தது.

இனி எதிர்ப்பொருள் என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிற்பகுதி முழுவதும் அதை நம்பியே நிற்கிறது. எதிர்ப்பொருள் என்பது ஒய் என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் அமைந்த புரதம். அதன் இரு கரங்களின் நுனிகள் ஏதேனும் ஒரு குறிப்பிட்ட வேற்றுப்பொருளைப் பற்றிக்கொள்ளும். அதன் தண்டுப்பகுதி, பற்றிய பொருளை அழிக்கும்படி உடலின் பிற அமைப்புகளுக்குத் தெரிவிக்கும். இதை உருவாக்குவது பி செல் என்ற வெள்ளையணு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ஒவ்வொரு பி செல்லும் தன் மரபணுத் துண்டுகளைத் தற்செயலாகக் கோத்துத் தனக்கென ஓர் எதிர்ப்பொருளை அமைத்துக்கொள்கிறது. தற்செயலாகக் கோப்பதால்தான் இதுவரை உலகில் இல்லாத கிருமியையும் பற்றக்கூடிய ஒரு பி செல் நம் உடலில் எங்கேனும் இருக்கிறது. அதே காரணத்தால் நம் சொந்த உறுப்புகளைப் பற்றும் செல்களும் தவிர்க்க முடியாமல் உருவாகிவிடுகின்றன. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஹெட்டா வார்டமனும் மிஷெல் நுசென்ஸ்வைக்கும் பிறரும் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, மனித எலும்பு மஜ்ஜையில் புதிதாகத் தோன்றும் பி செல்களில் 55 முதல் 75 விழுக்காடு வரை உடலின் சொந்தப் பொருள்களைப் பற்றும் இயல்புடையவை. இந்த எண்ணை முதன்முறை படிப்பவர் திகைக்காமல் இருக்க முடியாது. நோயின்றி இருப்பதே வியப்பு என்று தோன்றும்.

நோய் வராமல் காப்பது இரண்டு கட்டச் சோதனை. முதல் சோதனை எலும்பு மஜ்ஜையிலேயே நடக்கிறது. சொந்தப் பொருளைப் பற்றும் செல்களில் பல அங்கேயே அழிக்கப்படுகின்றன அல்லது தம் எதிர்ப்பொருளை மாற்றியமைக்கும்படி செய்யப்படுகின்றன. தப்பி வெளியே வருபவற்றுக்கு இரத்த ஓட்டத்தை அடைந்தபின் இரண்டாம் சோதனை உண்டு. இவை இரண்டும் முடிந்தபின் அத்தகைய செல்களின் பங்கு ஏறக்குறைய 20 விழுக்காடாகக் குறைந்துவிடுகிறது. எஞ்சியவையும் பொதுவாகத் தூண்டப்படாமல் அடங்கிக் கிடக்கின்றன.

ஓ'கானர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மயஸ்தீனியா நோயாளிகளின் இரத்தத்திலிருந்து, இன்னும் எந்தத் தூண்டலையும் சந்திக்காத பி செல்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் எதிர்ப்பொருளையும் ஆய்வுக்கூடத்தில் மறுபடி உருவாக்கி, அவை சொந்தப் பொருள்களைப் பற்றுகின்றனவா என்று பார்த்தார்கள். இரண்டு சோதனைகளுமே அந்த நோயாளிகளிடம் பழுதுபட்டிருந்தன. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அந்தச் செல்கள் தசை ஏற்பியை மட்டும் குறிவைத்தவையாக இருக்கவில்லை. பொதுவாகவே சொந்தப் பொருள்களைப் பற்றும் செல்கள் அளவுக்கு மிஞ்சி வெளியேறியிருந்தன. நோய் தோன்றுவதற்குரிய நிலம் முன்பே பண்பட்டிருந்தது என்று இதை வாசிக்கலாம். அந்த நிலத்தில் தசை ஏற்பியைத் தாக்கும் செல் ஏன் பெருகுகிறது என்பது தனிக் கேள்வி. ஏற்பி எதிர்ப்பொருள் உள்ள நோயாளிகள் பலரிடம், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில், வழக்கமாக நிணநீர்க் கணுக்கள் போன்ற இடங்களில் காணப்படும் பி செல் பயிற்சி மையங்கள் உருவாகியிருக்கின்றன. நூற்றில் 10 முதல் 15 பேருக்கு அச்சுரப்பியில் கட்டியே இருக்கிறது. தைமஸை அறுவை செய்து நீக்குவது பயனளிக்கிறது என்பதை 126 நோயாளிகளை மூன்றாண்டுகள் கண்காணித்த ஒரு பன்னாட்டு ஆய்வு 2016இல் உறுதிசெய்தது.

இதுவரை ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பொருளைப் பற்றியே பேசினோம். நோயாளிகளில் நூற்றுக்கு 80 முதல் 85 பேர் இந்த வகையினர். எஞ்சியவர்களின் இரத்தத்தில் எதுவும் தென்படாமல் இருந்தது நெடுங்காலப் புதிர். 2001இல் வெர்னர் ஹோக்கும் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஏஞ்சலா வின்சென்ட்டும் அவர்களில் ஒரு பகுதியினரிடம் மஸ்க் என்ற வேறொரு தசைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார்கள். ஏற்பிகளை நரம்பு முனைக்கு நேரே ஓரிடத்தில் திரளச் செய்வது மஸ்க்கின் வேலை. அது தடைபட்டால் ஏற்பிகள் கலைந்துபோகின்றன. விளைவு முன்போலவே தளர்ச்சிதான். மஸ்க் வகையில் பெண்கள் மிகுதி. முகம், தொண்டை, கழுத்துத் தசைகள் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன. தைமஸ் பெரும்பாலும் இயல்பாக இருக்கிறது. பிரிடோஸ்டிக்மைன் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நோய். உள்ளே இரண்டின் எதிர்ப்பொருள்களும் வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு. ஏற்பியைத் தாக்குபவை பெரும்பாலும் ஐஜிஜி1, ஐஜிஜி3 என்ற வகையைச் சேர்ந்தவை. அவை காம்ப்ளிமென்ட் எனப்படும் இரத்தப் புரதத் தொகுதியைத் தூண்டிவிட, அத்தொகுதி தசையின் சவ்வில் துளையிட்டுச் சந்திப்பையே சிதைக்கிறது. மேலும், ஒரே எதிர்ப்பொருளின் இரு கரங்களும் அருகருகே உள்ள இரண்டு ஏற்பிகளைப் பற்றிப் பிணைப்பதால், தசைச் செல் அவற்றை விரைவாக உள்ளிழுத்து அழித்துவிடுகிறது. மஸ்க்கைத் தாக்குபவையோ ஐஜிஜி4 வகை. இவை காம்ப்ளிமென்டைத் தூண்டுவதில்லை. அதோடு, ஐஜிஜி4 எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் தமக்குள் பாதியைப் பிரித்து மாற்றிக்கொள்ளும் விசித்திர இயல்புடையவை. மாற்றிக்கொண்டபின் ஒரு கரம் மஸ்க்கைப் பற்றும், மறு கரம் அதோடு தொடர்பே இல்லாத வேறொன்றைப் பற்றும். ஆகவே மஸ்க்கைப் பொறுத்தவரை அது ஒற்றைக் கரம் கொண்டதாகிவிடுகிறது.

ஒற்றைக் கரத்தால் எப்படி இவ்வளவு தீங்கு செய்ய முடிகிறது? ஓ'கானர் குழுவின் 2020ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு அழகான விடை தந்தது. நோயாளிகளிடமிருந்து பெற்ற மஸ்க் எதிர்ப்பொருள்களின் மரபணுவில், பி செல் முதிரும் காலத்தில் சேர்ந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக நீக்கி, அதன் மூதாதை வடிவத்தை அவர்கள் மீட்டுருவாக்கினார்கள். மூதாதையும் மஸ்க்கைப் பற்றியது. ஆனால் ஒற்றைக் கரமாகப் பிரித்தபோது அதன் பிடி முதிர்ந்த வடிவத்தின் பிடியைவிட ஏறக்குறைய 100 மடங்கு தளர்வாக இருந்தது, நோயை உண்டாக்கும் ஆற்றலும் அதற்குத் தென்படவில்லை. அதாவது, பி செல் மஸ்க்கை மீண்டும் மீண்டும் சந்தித்து, ஒவ்வொரு சந்திப்பிலும் தன் பிடியை இறுக்கிக்கொண்டே வந்து, ஓர் எல்லையைத் தாண்டிய பிறகே ஒற்றைக் கர எதிர்ப்பொருள் நோயாகிறது. கிருமிக்கு எதிரான பாதுகாப்பு நாளடைவில் வலுப்பெறுவதற்குக் காரணமான அதே முதிர்ச்சிதான் இங்கே உடலுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்த முடிவு.

இப்போது மருந்துகளுக்கு வருவோம். இரத்தத்திலிருக்கும் எதிர்ப்பொருளைப் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையால் வடிகட்டி அகற்றலாம். நோயாளி சில நாட்களில் தேறுவார், சில வாரங்களில் மறுபடி தளர்வார். ஊற்று அடையாமல் கிணற்றை இறைப்பது எவ்வளவு நேரம் பலிக்கும்? எனவே ஊற்றாகிய பி செல்லைத் தாக்கும் மருந்துகள் தேடப்பட்டன. அவற்றுள் ரிட்டக்ஸிமாப் முக்கியமானது. முதலில் நிணநீர்ப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டது. பி செல்லின் மேலுள்ள சிடி20 என்ற புரதத்தைப் பற்றி அச்செல்லை அழிப்பது அதன் வேலை. மஸ்க் வகையினரிடம் அதன் பலன் வியக்கத்தக்கது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஓர் ஒப்பீட்டில், அம்மருந்து பெற்ற மஸ்க் நோயாளிகளில் 58 விழுக்காட்டினர் வரையறுத்த நல்ல நிலையை அடைந்தார்கள். பெறாதவர்களில் 16 விழுக்காட்டினரே அடைந்தார்கள். ஏற்பி வகையினரிடமோ 52 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான சோதனை, நோயெதிர்ப்பைத் தணிக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தைக் குறைக்க உதவும் அளவுக்குக் குறிப்பிடத்தக்க பலனைக் காட்டவில்லை.

ஒரே மருந்து, ஒரே பெயருள்ள நோய், ஏன் இந்த வேறுபாடு? பி செல்லின் வாழ்க்கையில்தான் விடை இருக்கிறது. தூண்டப்பட்ட பி செல் முதலில் பிளாஸ்மாபிளாஸ்ட் என்ற குறுகிய ஆயுள் கொண்ட நிலையை அடைந்து எதிர்ப்பொருளைப் பெருமளவில் சுரக்கத் தொடங்குகிறது. அவற்றில் சில மேலும் முதிர்ந்து பிளாஸ்மா செல்களாகி, எலும்பு மஜ்ஜையில் இடம்பிடித்து, ஆண்டுக்கணக்கில் சுரந்துகொண்டே இருக்கின்றன. குழந்தையாக இருந்தபோது போட்ட தடுப்பூசியின் பலன் முதுமை வரை நீடிப்பதற்கும் அவை முக்கியக் காரணம். நீண்ட ஆயுள் கொண்ட பிளாஸ்மா செல்லின் மேல் சிடி20 இருப்பதில்லை. ரிட்டக்ஸிமாப் அதைத் தொடுவதில்லை. ஏற்பி எதிர்ப்பொருள் பெரும்பாலும் இத்தகைய செல்களிலிருந்து வந்தால், பி செல்களை ஒழித்த பின்னும் அதன் அளவு குறையாதிருப்பது இயல்பே. மஸ்க் எதிர்ப்பொருள் குறுகிய ஆயுள் செல்களிலிருந்து வந்தால், அவற்றை ஈனும் பி செல்கள் ஒழிந்ததும் சில மாதங்களில் அது வற்றிப்போக வேண்டும். நடைமுறையில் காண்பதும் அதுதான்.

இது நல்ல ஊகம். ஊகத்தோடு நின்றுவிடாமல் அந்தச் செல்லைக் கையில் பிடித்துக் காட்டியதே யேல் குழுவின் சாதனை. ரிட்டக்ஸிமாப்பால் தேறிய மஸ்க் நோயாளிகளில் சிலருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, பி செல்கள் மீண்டும் வளரும்போது நோயும் திரும்புகிறது. அவ்வாறு நோய் திரும்பியவர்களின் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாபிளாஸ்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றின் எதிர்ப்பொருள் மரபணுவைப் படித்து, அதிலிருந்து எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தில் தயாரித்து, அது மஸ்க்கைப் பற்றுவதை 2017இல் பானோஸ் ஸ்டாதோபோலோஸ் முதலாசிரியராக அமைந்த கட்டுரையில் அவர்கள் காட்டினார்கள். ஒரு நோயாளியின் கோடிக்கணக்கான வெள்ளையணுக்களில் தீங்கு செய்யும் செல்கள் மிகச் சிலவே என்பதை நினைத்தால், இந்த வேலைக்குத் தேவைப்பட்ட பொறுமை விளங்கும்.

குற்றம் செய்யும் செல் இன்னதென்று தெரிந்தபின், அனைத்துப் பி செல்களையும் அழிப்பது மிகையாகத் தோன்றுகிறது. அவற்றை அழித்தால் புதிய கிருமிகளுக்கு எதிரான பாதுகாப்பும் குறைகிறது. தடுப்பூசிகள் சரிவரப் பலிப்பதில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஏமி பெய்னும் அவர் குழுவினரும் ஓ'கானர் உள்ளிட்டோரின் ஒத்துழைப்புடன் 2023இல் வெளியிட்ட முறை இதற்கு மாற்று வழி காட்டுகிறது. டி செல் என்ற மற்றொரு வெள்ளையணுவின் மேற்பரப்பில் மஸ்க் புரதத்தின் பகுதியையே பொருத்திவிடுகிறார்கள். மஸ்க்கைத் தாக்கும் பி செல் தன் வழக்கப்படி அதைப் பற்ற வருகிறது. பற்றியதும் அந்த டி செல் அதைக் கொன்றுவிடுகிறது. பிற பி செல்களுக்கு மஸ்க்கோடு தொடர்பில்லை, ஆகவே அவை தப்பிவிடுகின்றன. எலிகளிடம் இது எதிர்பார்த்தபடி வேலை செய்தது. மனிதர்களிடம் சோதனைகள் தொடங்கின.

ஏற்பி வகையினருக்கு வழி இன்னும் கடினம். அவர்களுடைய எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல் தன் மேற்பரப்பில் அந்த எதிர்ப்பொருளை அதிகம் வைத்திருப்பதில்லை என்பதால், மேற்கண்ட தூண்டிலில் எளிதாகச் சிக்காது. இதற்கிடையில் அவர்களுக்குப் பயன்படும் மருந்துகள் செல்லை விட்டுவிட்டு அதன் விளைவைத் தடுப்பவை. காம்ப்ளிமென்டைத் தடுக்கும் எக்குலிஸுமாப் 2017இலும், எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் நீடிப்பதற்கு உதவும் வேறோர் ஏற்பியைத் தடுத்து அவற்றை விரைவில் சிதையச் செய்யும் எஃப்கார்டிஜிமாட் 2021இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முதலாவது மருந்தால் மஸ்க் வகையினருக்குப் பயனில்லை; அவர்களின் ஐஜிஜி4 காம்ப்ளிமென்டைத் தொடுவதே இல்லையே. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் எந்த எதிர்ப்பொருள் என்று எழுதப்பட்டிருக்கும் அந்த ஒற்றை வரியை நோயாளியும் குடும்பத்தாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்: தைமஸை நீக்குவதா, ரிட்டக்ஸிமாப்பை முன்கூட்டியே தொடங்குவதா, காம்ப்ளிமென்டைத் தடுப்பதா என்று மருத்துவர் எடுக்கும் முடிவுகள் அந்த வரியிலிருந்தே தொடங்குகின்றன.